வௌவாலுக்கு இறக்கை காணோமா? ஹாலோவீன் குக்கீ கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

வட்டமான குக்கீ ஓவனில் கொஞ்சம் பரவினால் யாருக்கும் தெரியாது. பழைய இங்கிலாந்தில், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆத்மாக்கள் தினத்தையொட்டி வீடு வீடாக வந்து பாடியவர்களுக்குக் கொடுத்த 'சோல் கேக்' எல்லாம் வட்டம்தான். அதைச் சுட்டவர்களுக்கு இந்தத் தலைவலி இருந்திருக்காது. இன்றைக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் அக்டோபர் 31-இல் வரும் பேய்க்கோலப் பண்டிகையான ஹாலோவீன் விருந்துக்கு வௌவால், சூனியக்காரித் தொப்பி, மண்டையோடு என்று வெட்டுகிறோம். வௌவாலின் இறக்கை நுனி ஒரு சென்டிமீட்டர் பரவினால் அது வௌவால் இல்லை. ஆகவே ஹாலோவீன் குக்கீயில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ருசியைப் பற்றியவை அல்ல, ஓரம் நிற்கிறதா என்பதைப் பற்றியவை. ஓரம் நிற்பதும் நிற்காததும் வெண்ணெய் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்பதைத்தான் முக்கால்வாசி பொறுத்திருக்கிறது.

கீழே சொல்வதெல்லாம் இந்த மாவை வைத்துத்தான்: வெண்ணெய் 225 கிராம் (அமெரிக்கக் கடையில் இரண்டு ஸ்டிக்), சர்க்கரை 200 கிராம், முட்டை ஒன்று, வெனிலா இரண்டு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், ஆல் பர்ப்பஸ் மாவு (மைதா போன்றது) 375 கிராம். பேக்கிங் பவுடர் கிடையாது. சுடுவது 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ். உங்கள் கையில் வேறு அளவு இருந்தாலும் கோளாறுகள் இவைதான்.

ஓவனில் வைத்ததும் உருவம் பரவிவிடுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். எப்படிப் பரவியது என்று பார்த்தால் காரணம் பிடிபட்டுவிடும்.

ஓரம் மெல்லியதாகி, எண்ணெய் மினுமினுப்போடு, தாளில் கறை விட்டுப் பரவியிருந்தால் வெண்ணெய் சூடாக இருந்திருக்கிறது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெட்டிய மாவு ஏற்கெனவே கை சூட்டில் தளர்ந்திருந்தால், மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் ஓடிவிடும். மாவு பிசையும்போது வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மையாக இருந்தால் போதும். பளபளப்பாக, வழுக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. மைக்ரோவேவில் வைத்து அவசரமாக இளக்கிய வெண்ணெய்க்குள் ஒரு பகுதி உருகியே இருக்கும், நம்பாதீர்கள்.

தீர்வு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மாவை இரண்டு பார்ச்மென்ட் தாள்களுக்கு (ஒட்டாத பேக்கிங் தாள்) நடுவில் வைத்து 6 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, தாளோடு அப்படியே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு வெட்டி, தட்டில் அடுக்கி, தட்டோடு 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து நேராக ஓவனுக்கு அனுப்புங்கள். உருண்டையாகக் குளிர வைத்துவிட்டு, கல் மாதிரி ஆனதோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவது பழைய சமையல் குறிப்புகளின் வழி. தேய்த்துவிட்டுக் குளிர வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

எண்ணெய்ப் பசை இல்லாமல் பொதுபொதுவென்று உப்பி, பிறகு அமுங்கிப் பரவியிருந்தால் உள்ளே காற்று அதிகம். வெண்ணெயையும் சர்க்கரையும் கேக்குக்கு அடிப்பதுபோல் ஐந்து நிமிடம் நுரைக்க அடித்திருப்பீர்கள், அல்லது குறிப்பில் பேக்கிங் பவுடர் இருந்திருக்கும். இந்த வகைக்கு ஒன்றிரண்டு நிமிடம் கலந்தால் போதும். பேக்கிங் பவுடரைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே உப்பிவிட்டதா? வெளியே எடுத்த நிமிடமே, சூடு ஆறுவதற்குள், தட்டையான கரண்டியால் மேலே மெதுவாக அழுத்துங்கள். ஐசிங் போடச் சமதளம் கிடைத்துவிடும்.

முதல் தட்டு நன்றாக வந்து இரண்டாவது தட்டு மட்டும் பரவினால் மாவில் குற்றமே இல்லை. சுடச்சுட இருந்த தட்டிலேயே அடுத்த ஈடு மாவை வைத்திருக்கிறீர்கள். தட்டு முழுக்க ஆறட்டும்; இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றி வையுங்கள். தட்டில் எண்ணெய் தடவுவதும் பரவலுக்குத் துணைபோகும். தாள் போட்டால் போதும்.

எல்லாத் தட்டும், குளிர வைத்த பிறகும், பரவுகிறதென்றால் மாவு குறைவு. கப் கணக்கில் அளந்திருந்தால் சந்தேகம் அங்கேதான். மாவைத் தளர்த்திக் கரண்டியால் அள்ளிப் போட்டால் ஒரு அமெரிக்கக் கப் 120, 125 கிராம் இருக்கும். கப்பையே பையில் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராமையும் தாண்டும். மூன்று கப்புக்கு இந்த வித்தியாசம் ஒரு அரை கப்புக்கு மேல் போய்விடும். எழுதியவர் எப்படி அள்ளினார் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. தராசு வாங்கிவிடுங்கள்.

இன்னொரு காரணம், வெண்ணெய்க்குப் பதிலாகப் போடும், டப்பாவில் வரும் 'ஸ்ப்ரெட்'. ரொட்டியில் தடவத்தான் அது. அமெரிக்காவில் வெண்ணெய் என்று பெயர் போட்டு விற்க 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். ஸ்ப்ரெட்டில் கொழுப்பு அதைவிடக் குறைவு, தண்ணீர் அதிகம்.

எதுவானாலும் முழுத் தட்டையும் பணயம் வைக்காமல் ஒரே ஒரு வௌவாலை முதலில் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவில் இரண்டு மேசைக்கரண்டி மாவு சேர்த்துப் பிசைந்து, திரும்பக் குளிர வைக்கலாம்.

தேய்க்கும்போது மாவு வெடிக்கிறது, அல்லது ஒட்டுகிறது

ஓரம் வெடித்தால் மிகவும் குளிர்ந்திருக்கிறது: பத்து நிமிடம் வெளியே வைத்தால் பணியும். வைத்த பிறகும் உதிர்கிறதென்றால் மாவு கூடிப்போனது. ஒரு டீஸ்பூன் பால் தெளித்துப் பிசையுங்கள். பூரிக்கட்டையில் ஒட்டினால் மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள். தூவத் தூவ குக்கீ வறண்டுதான் போகும். தாளுக்கு நடுவே தேய்த்தால் தூவ வேண்டிய அவசியமே வராது.

வௌவாலின் காது கருகுகிறது, வயிறு வேகவில்லை

பெரிய உருவத்தையும் சின்ன உருவத்தையும் ஒரே தட்டில் கலந்து வைக்காதீர்கள். சின்னது 8 நிமிடத்தில் தயாராகும், பெரியதற்கு 12 ஆகலாம். ஒரே உருவத்துக்குள்ளேயே கூர் நுனி கருகினால் அந்தக் கட்டரை மாற்றுவதே நல்லது. கொக்கி மூக்கும் மெல்லிய துடைப்பக் கம்பும் கடையில் பார்க்க அழகு, ஓவனில் தொல்லை. அடிப்பாகம் மட்டும் கருகினால் தட்டைப் பாருங்கள். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் இழுக்கும், 25 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்து வையுங்கள். ஓவன் 'தயார்' என்று பீப் அடித்ததும் நம்பி வைக்க வேண்டாம், இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி விலை குறைவு. ஓவன் காட்டும் எண்ணும் உள்ளிருக்கும் சூடும் வேறாக இருப்பது சகஜம்.

உடைந்துபோனவற்றை எறிய வேண்டாம். கல்லறைக் கல் உடைந்திருந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். தூளானதைச் சாக்லேட் புட்டிங் மேல் தூவினால் மயான மண்.

சூனியக்காரி விரல் வாழைப்பழமாக வீங்கிவிட்டது

விருந்தில் முதலில் காலியாகும் தட்டு இந்த விரல் வடிவக் குக்கீகள்தான், முதலில் சொதப்புவதும் இவைதான். நிஜ விரல் அளவுக்கு உருட்டுவதே தவறு. சுடும்போது மாவு அகலும் என்பதால் உங்கள் சுண்டுவிரலைவிட ஒல்லியாக, ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுக்கு உருட்டுங்கள். பார்க்க எலும்பும் தோலுமாக இருக்க வேண்டும். அப்புறம் மூட்டு வரும் இரண்டு இடத்துக்கும் முன்னும் பின்னும் கிள்ளி ஒடுக்குங்கள். மூட்டு தானாகப் புடைத்துத் தெரியும்.

மூட்டுக் கோடுகள் வெந்ததும் மறைந்துவிடுகிறதா? கத்தியின் மழுங்கிய பக்கத்தால், போதும் என்று தோன்றுவதைவிட ஆழமாக, ஒவ்வொரு மூட்டிலும் மூன்று கோடு போடுங்கள். பாதி மூடிக்கொள்ளும், மீதி தெரியும். பிறகு இதையும் அரைமணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 160 டிகிரி செல்சியஸில், 20 நிமிடம் மெதுவாக வேகட்டும். பச்சை நிறம் கலந்த விரலுக்கு இந்தக் குறைந்த சூடு கட்டாயம் வேண்டும். ஓரம் சிவந்தால் பச்சை போய்ப் பழுப்புதான் மிஞ்சும்.

நகமாக வைத்த பாதாம் விழுந்துவிடுவது கோளாறே இல்லை, வசதி. சுடுவதற்கு முன் பாதாமை நன்றாக அழுத்தி வையுங்கள். வெந்து ஆறியதும் அதைப் பெயர்த்து எடுத்து, அந்தக் குழியில் கால் டீஸ்பூன் விதையில்லாத ராஸ்பெரி ஜாமோ ஸ்ட்ராபெரி ஜாமோ விட்டு, நகத்தைத் திரும்ப அழுத்தினால் நாலு பக்கமும் 'ரத்தம்' பிதுங்கும். நகமும் ஒட்டிக்கொள்ளும். ஜாம் வழிந்து ஓடினால் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்துக் கெட்டியாக்குங்கள். தோலோடு இருக்கும் பாதாம் கிழட்டு நகம் போல இருக்கும். ஊறவைத்துத் தோல் உரித்தது பிணத்தின் நகம் போல. எனக்குத் தோலோடு இருப்பதுதான் பிடிக்கும்.

கறுப்பு ஐசிங் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது, அல்லது கசக்கிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரு முகம். வெள்ளை ஐசிங்கில் கறுப்பு நிறத்தைக் கொட்டிக்கொண்டே போனால் முதலில் சாம்பல், பிறகு இன்னும் கருஞ்சாம்பல், கடைசியில் கறுப்பு வரும்போது வாயில் வைக்க முடியாது. பல்லும் நாக்கும் கறுத்துப்போவது தனி. (அந்தக் கோலத்தில் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்கு இல்லை.)

வெள்ளையிலிருந்து தொடங்காதீர்கள். ஐசிங்கில் முதலில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கோகோ கலந்து பழுப்பாக்குங்கள். அதன் மேல் ஜெல் வகைக் கறுப்பு கொஞ்சம் போதும். தண்ணீராக வரும் நிறம் வேண்டாம், ஐசிங்கின் பதத்தைக் கெடுக்கும். கருஞ்சாம்பல் வந்ததும் நிறுத்தி, மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். நிறம் நேரம் ஆக ஆகத்தான் ஏறும். விருந்தன்று காலையில் கறுப்பு கலக்க உட்காருபவருக்குத்தான் கசப்பு ஐசிங் கிடைக்கும்.

இதைவிட நல்ல வழி மாவையே கறுப்பாக்குவது. 375 கிராம் மாவில் 50 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவு 'பிளாக் கோகோ' சேர்த்தால் வௌவாலுக்கு ஐசிங்கே வேண்டாம், இரண்டு வெள்ளைக் கண் போதும். அல்கலி (காரப்பொருள்) சேர்த்து மிக அதிகமாகப் பதப்படுத்திய கோகோ இது. மாவைக் கொஞ்சம் வறட்டும் என்பதால் தேவைப்பட்டால் ஒரு டீஸ்பூன் பால் சேருங்கள். ஒரே சிக்கல், ஓரம் சிவந்ததா என்று பார்த்து வெந்ததைக் கண்டுபிடிக்க முடியாது. மேற்பரப்பின் ஈர மினுமினுப்பு போய், ஓரத்தைத் தொட்டால் இறுகியிருக்க வேண்டும், அதுதான் அடையாளம். கரித்தூள் சேர்த்துக் கறுப்பாக்கும் யோசனையைத் தவிருங்கள். அது சிலர் சாப்பிடும் மருந்தை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். விருந்தாளிகளில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

சிலந்தி வலை கலங்கிவிட்டது

வலை போடும் ராயல் ஐசிங்குக்கு (காய்ந்ததும் இறுகும் சர்க்கரைப் பூச்சு) ஐசிங் சுகர் 450 கிராம், மெரிங்க் பவுடர் (உலர்ந்த முட்டை வெள்ளைப் பொடி) மூன்று மேசைக்கரண்டி, தண்ணீர் 75 முதல் 90 மில்லி. பச்சை முட்டை வெள்ளையில் செய்வதைவிட மெரிங்க் பவுடர் பாதுகாப்பானது.

பதம் பார்ப்பது இப்படி: கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு இழுத்து எண்ணுங்கள். 10 முதல் 15 விநாடியில் கோடு மறைந்தால் சரி. எட்டுக்குள் மறைந்தால் குக்கீயை விட்டு வழியும், ஐசிங் சுகர் சேருங்கள். 20 தாண்டினால் பரவாது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள்.

வெள்ளைத் தளத்தில் கறுப்பு வட்டங்கள் போட்டு, நடுவிலிருந்து வெளியே டூத்பிக்கால் இழுத்தால் வலை. கோடு இழுபடாமல் பிய்ந்தால் வெள்ளை காய்ந்து ஆடை கட்டிவிட்டது. எல்லாக் குக்கீக்கும் வெள்ளை பூசிவிட்டு அப்புறம் கறுப்புக்கு வந்தால் இதுதான் நடக்கும். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வட்டங்கள் மூழ்கினால் அல்லது மேடாக நின்றால் இரண்டு ஐசிங்கும் ஒரே பதத்தில் இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் டூத்பிக் நுனியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

போட்டபோது நன்றாக இருந்து, மறுநாள் கறுப்பு வெள்ளைக்குள் கசிந்திருந்தால் நிறம் அதிகம், தண்ணீர் அதிகம், அல்லது மெதுவாகக் காய்ந்திருக்கிறது. மழை நாளில் இது மோசம். மேசை மின்விசிறிக்கு முன்னால் காய வையுங்கள். வலை தவிர்த்த மற்ற வடிவங்களில், வெள்ளை ராத்திரி முழுக்கக் காய்ந்த பிறகே அதன் மேல் கறுப்பு வையுங்கள்.

மண்டையோட்டின் கண்குழி போன்ற சின்ன இடங்களில் ஐசிங் உள்வாங்கிக் குழிந்தால், முதலில் கெட்டியான ஐசிங்கால் உள்ளே இரண்டு கிறுக்கல் போட்டு அதன் மேல் நிரப்புங்கள். மின்விசிறி இதற்கும் உதவும். மேற்பரப்பில் எண்ணெய்த் திட்டு தெரிந்தால் குக்கீ ஆறுவதற்கு முன்பே பூசியிருக்கிறீர்கள், வெண்ணெய் மேலேறிவிட்டது. அதை மறைக்க மேலே இன்னொரு சிலந்தி வரைவதுதான் வழி. ஊதா நிறம் நீலமாக மாறியிருந்தால் ஜன்னலோரம் வைத்திருப்பீர்கள். வெளிச்சத்தில் சிவப்பு முதலில் வெளுத்துவிடும்.

மெரிங்க் பேய்கள் சரிந்துபோகின்றன

முட்டை வெள்ளை இரண்டு, சர்க்கரை 100 கிராம், க்ரீம் ஆஃப் டார்டார் (நுரையை நிலைக்கவைக்கும் புளிப்புப் பொடி) கால் டீஸ்பூன். நுரையே எழும்பவில்லையா, கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது அல்லது மஞ்சள் கரு கலந்துவிட்டது. அதைக் காப்பாற்ற முடியாது, புதிதாகத் தொடங்குங்கள். எழும்பி, பிழியும்போது பேயின் தலை சாய்ந்தால் இன்னும் அடிக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நிற்கணும். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள், சர்க்கரை நறநறத்தால் கரையவில்லை. கரையாத சர்க்கரைதான் பிறகு சின்னச் சின்னப் பாகுத் துளிகளாக வெளியே வியர்க்கிறது.

200 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 95 டிகிரி செல்சியஸ் அளவில், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் உலர வேண்டும். பழுப்பேறினால் சூடு அதிகம். ஒட்டினால் இன்னும் உலரவில்லை. ஓவனை அணைத்துவிட்டு உள்ளேயே ஆற விடுங்கள்.

மிட்டாய்க் கண்கள் அழுகின்றன

கடையில் விற்கும் சர்க்கரைக் கண்ணை மாவில் பதித்து ஓவனுக்குள் அனுப்பினால் கருவிழி வழியும். சிலருக்கு அதுவே பயங்கரமாக இருந்து பிடித்தும் போகலாம். வேண்டாம் என்றால், ஆறியபின் ஒரு துளி ஐசிங் வைத்து ஒட்டுங்கள். சாக்லேட் சிப் கண்ணாக இருந்தால், வெளியே எடுத்ததும் சூட்டோடு பதித்து, கால்மணி நேரம் தொடாமல் விடுங்கள். உருகினாலும் தொடாத வரை வடிவம் மாறாது.

பூசணிக் குக்கீ கேக் மாதிரி மெத்தென்று இருக்கிறது

அப்படித்தான் இருக்கும், டப்பாப் பூசணி விழுதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வாணலியில் கிளறிச் சுண்ட வைத்து, முழு முட்டைக்குப் பதில் மஞ்சள் கரு மட்டும் சேர்த்தால் கொஞ்சம் இறுகும். கட்டரில் வெட்டும் குக்கீக்கு அதைச் சேர்க்காதீர்கள். பூசணி வடிவம் வேண்டும் என்றால் ஆரஞ்சு நிறம் போதும்.

விருந்தாளிகளில் பாதிப் பேர் தொடவே இல்லை

நியூஜெர்சியிலோ டொராண்டோவிலோ நம்மவர் வீட்டு விருந்து என்றால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. முக்கோண மிட்டாயான கேண்டி கார்னிலும் பல வகைகளில் உண்டு. மார்ஷ்மெல்லோ சுற்றிய மம்மி குக்கீயைச் சைவக்காரர்கள் ஒதுக்குவது அதனால்தான். சில சிவப்பு நிறங்களில் கார்மைன் இருக்கும், அது பூச்சியிலிருந்து எடுப்பது. மெரிங்க் பவுடர் என்பது முட்டை வெள்ளைதான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு மாவில் முட்டைக்குப் பதில் மூன்று மேசைக்கரண்டி பால் சேருங்கள், உருவம் நன்றாகவே நிற்கும். மேலே பூச ஐசிங் சுகர் 250 கிராம், பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, கார்ன் சிரப் ஒரு மேசைக்கரண்டி. பளபளப்பாக வரும், ஆனால் ராயல் ஐசிங்போல் இறுகாது, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க முடியாது.

பாதாம் நகத்துக்குப் பதில் பூசணி விதை வைத்தால் பாதாம் போன்ற கொட்டைப் பருப்பு (நட்ஸ்) ஒவ்வாமை உள்ள குழந்தையும் விரலைக் கடிக்கலாம், பச்சை நகம் இன்னும் அசிங்கமாக, அதாவது இன்னும் நன்றாக இருக்கும். விதைப் பொட்டலத்தில் கொட்டைப் பருப்பு கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை உண்டா என்று மட்டும் பாருங்கள். பல பள்ளிகள் வீட்டில் சுட்டதை வாங்குவதே இல்லை, உட்பொருள் பட்டியலோடு சீல் வைத்ததுதான் வேண்டும் என்பார்கள், அனுப்புமுன் கேட்டுவிடுங்கள். தெருவில் மிட்டாய் கேட்டு வரும் அறிமுகமில்லாத குழந்தைகளுக்கும் இவற்றைக் கொடுக்க வேண்டாம், பெற்றோர் எறிந்துவிடுவார்கள். சில வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: உணவல்லாத சின்னப் பொம்மைகளும் இங்கே உண்டு என்று ஒவ்வாமைக் குழந்தைகளுக்குச் சொல்லும் அடையாளம் அது. 2014-லிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவியது.

குழந்தைகள் கூட இருந்து உருட்டினால் பச்சை மாவைத் தின்னவிடாதீர்கள். முட்டை இல்லாத மாவானாலும் சரி, கோதுமை மாவே வேகவைக்காத பொருள்தான், கிருமி இருக்கலாம்.

மறுநாளைக்கு நமுத்துப்போய்விட்டது

மொறுமொறுப்பானதையும் மென்மையானதையும் ஒரே டப்பாவில் போட்டால் ஈரம் இடம் மாறிவிடும். மெரிங்க் பேய்களுக்குத் தனி டப்பா, காற்றுப்புகாதது. ஜாம் ரத்தம் விருந்தன்றுதான். ஐசிங் போட்டவை முழுதாகக் காய்ந்தபின் மூடி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் ஓடும். முன்கூட்டியே வேலையை முடிக்க வேண்டுமென்றால் ஐசிங் இல்லாத வெறும் குக்கீயை அக்டோபர் தொடக்கத்திலேயே சுட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்தபின் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், நீர் டப்பாவின் வெளியே பூக்கட்டும். 29-ஆம் தேதி கறுப்பைக் கலக்கி மூடி வைத்து, 30-ஆம் தேதி ஐசிங் போட்டால் 31-க்குள் காய்ந்துவிடும்.